ரோமப் பேரரசர்களைத் திரைக்கு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

ரோமப் பேரரசர்களைப் பற்றிய படங்களையும் தொடர்களையும் எழுதுவோர், இயக்குவோர், அவற்றுக்குப் பணம் போடுவோர், இணையத் திரைத்தளங்களின் வழியே அவற்றை எங்கள் வீடுவரை கொண்டுவந்து சேர்ப்போர் ஆகிய உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். உங்கள் படைப்புகள் இப்போது தமிழ்க் குரலிலும் தமிழ் வசன வரிகளோடும் வருகின்றன. பள்ளிப் பாடத்தில் ஓரிரு பக்கங்களோடு ரோமை விட்டு வந்த எங்களில் பலருக்கு, நீரோவும் கலிகுலாவும் நீங்கள் காட்டிய முகத்தோடுதான் மனத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் காட்டும் விதத்தைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

2024-இல் வெளிவந்த ‘கிளாடியேட்டர் 2’ படத்தில் பேரரசர் காரகல்லா, தன் செல்லக் குரங்கை முதல் கான்சலாக அறிவிக்கிறார். கான்சல் என்பது ரோமில் ஆண்டுதோறும் இருவருக்கு வழங்கப்பட்ட மிக உயர்ந்த பதவி. ஆண்டுகளையே அவ்விருவரின் பெயரால்தான் குறித்தார்கள். காரகல்லாவை மனமார வெறுத்து எழுதிய, அவர் காலத்து வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோகூட அவர்மீது இப்படியொரு குற்றத்தைச் சுமத்தவில்லை. இக்காட்சியின் மூலத்தைத் தேடிப் போனால், காரகல்லாவுக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட கலிகுலாவின் குதிரை லாயத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இன்சிடேட்டஸ் என்ற பந்தயக் குதிரைக்குப் பளிங்குக் கொட்டிலும் தந்தத் தொட்டியும் செய்து கொடுத்த கலிகுலா, அதைக் கான்சல் ஆக்கவும் எண்ணியிருந்ததாகச் சொல்லப்படுகிறது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதினார். அவர் எழுதியது கலிகுலா கொல்லப்பட்டு சுமார் 80 ஆண்டுகள் கழித்து. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய டியோ, கலிகுலா அப்படி வாக்கே கொடுத்திருந்தார் என்றும் இன்னும் சில காலம் உயிரோடு இருந்திருந்தால் நிறைவேற்றியும் இருப்பார் என்றும் ஒரு படி ஏற்றிச் சொன்னார். குதிரை கான்சல் ஆனது என்று இருவருமே சொல்லவில்லை. செனட் என்ற ரோமப் பெருமக்கள் அவையின் உறுப்பினர்களான செனட்டர்களின் மூக்கை அறுக்கக் கலிகுலா சொன்ன நக்கல் ஒன்றுதான் இப்படித் திரிந்திருக்க வேண்டும் என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நக்கல் வதந்தியாகி, வதந்தி வாக்குறுதியாகி, உங்கள் கையில் வந்தபோது குதிரை குரங்காகி, பேரரசரும் வேறு ஒருவராகிவிட்டார்.

கொலோசியத்தில் சுறா நீந்தியதா, வாளின் நீளம் சரிதானா, குதிரைச் சேணத்தில் கால்வளையம் இருக்கலாமா என்பன போன்ற வழக்குகளை வேறு யாராவது தொடுக்கட்டும். ஆண்டுகளைச் சுருக்கவும், இரண்டு ஆட்களை ஒருவராக்கவும், இல்லாத காதலியைப் படைக்கவும் நாடகத்துக்கு உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே இதை எழுதுகிறேன். என் குறை வேறு. பைத்தியக்காரப் பேரரசர் என்று ஒரு வேடத்தை உருவாக்கி வைத்துக்கொண்டு, அதைக் கலிகுலாவுக்கும் நீரோவுக்கும் கொமோடஸுக்கும் காரகல்லாவுக்கும் மாற்றி மாற்றி அணிவித்துவருகிறீர்கள். எல்லாக் கொடுமையும் ஒருவருடைய மனக்கோளாறிலிருந்து பிறந்ததாகக் காட்டிவிட்டால், அவருக்கு ஆணைகளை எழுதித் தந்தவர்கள், வாளேந்தி நின்றவர்கள், கைதட்டியவர்கள், பிறகு ஆட்சி மாறியதும் அவரைப் பழித்து எழுதியவர்கள் என எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள். பேரரசர் என்ற அந்தப் பதவியே திரையிலிருந்து மறைந்துபோகிறது.

எழுதியவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் திரைக்கதைகளுக்கு மூலமாக இருக்கும் மூவரில் டாசிட்டஸும் டியோவும் செனட்டர்கள். சூட்டோனியஸ் பேரரசர் ஹேட்ரியனின் அரண்மனைச் செயலராக இருந்து பதவி இழந்தவர். பேரரசர்களின் கையில் உயிரும் பதவியும் ஊசலாடிய வகுப்பைச் சேர்ந்தவர்கள், அல்லது அவ்வகுப்பை அண்டி வாழ்ந்தவர்கள். டாசிட்டஸ் தம்முடைய ‘வரலாறுகள்’ நூலின் தொடக்கத்திலேயே, தம் பொதுவாழ்வு, அடுத்தடுத்து ஆண்ட பேரரசர்களான வெஸ்பாசியனால் தொடங்கி, டைட்டஸால் வளர்ந்து, டொமிஷியனால் இன்னும் உயர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறார். டொமிஷியன் கி.பி. 96-இல் அரண்மனைக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்ட பிறகு, அவரைக் கொடுங்கோலர் என்று எழுத வேண்டிய இடத்தில் இருந்தவர்கள், அவருடைய கையால் பதவி பெற்றவர்கள். கடிதங்களால் பெயர் பெற்ற செனட்டர் இளைய பிளினியின் நிலையும் அதுவே. தாங்கள் ஏன் அன்று வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு பதில் இருந்தாக வேண்டியிருந்தது. எதிரில் இருந்தது மனிதனே இல்லை, அரக்கன் என்று சொல்லிவிட்டால் கேள்வி அடங்கிவிடும்.

சூட்டோனியஸ் இதை இன்னும் வெளிப்படையாகவே செய்தார். கலிகுலாவின் வரலாற்றை எழுதிக்கொண்டே வந்தவர், பாதி வழியில் நிறுத்தி, இதுவரை பேரரசரைப் பற்றிச் சொன்னேன், இனி அரக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கோடு போட்டுப் பிரிக்கிறார். அந்த முதல் பாதியில், முன்பு செனட்டின் ஆணையால் தடைசெய்யப்பட்ட நூல்களைக் கலிகுலா மீண்டும் புழக்கத்தில் விட்டதும், பேரரசின் வரவு செலவுக் கணக்கை மக்கள் அறிய வெளியிட்டதும் இருக்கின்றன. திரையில் அந்தப் பாதியைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. டொமிஷியனைப் பற்றியும் அதே ஆசிரியர் இரு வேறு செய்திகளைத் தருகிறார். தனியறையில் அமர்ந்து எழுத்தாணியால் ஈக்களைக் குத்திக் கொன்றுகொண்டிருந்தார் என்பது ஒன்று. நகர அதிகாரிகளையும் மாகாண ஆளுநர்களையும் அவர் கட்டுக்குள் வைத்திருந்த அளவுக்கு, அவர்கள் வேறு எக்காலத்திலும் அத்தனை அடக்கமாகவும் நேர்மையாகவும் நடந்துகொண்டதில்லை என்பது மற்றொன்று. ஈயைக் குத்தும் காட்சி எடுக்க எளிது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆளுநர்கள் அஞ்சி நடுங்கி நேர்மையாக இருந்த ஓர் ஆட்சி, செனட்டர்களுக்கு ஏன் பொறுக்க முடியாததாக இருந்தது என்பதில் அல்லவா நாடகம் இருக்கிறது? மாகாணங்களைச் சுரண்டிச் செல்வம் சேர்த்தவர்கள் அந்த ஆளுநர்களும் அவர்களுடைய உறவினர்களும்தான்.

நீரோவின் கதையை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. ரோமாபுரி பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தான் என்பது தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் கட்சி வேறுபாடின்றி ஆளுங்கட்சிமீது வீசப்படும் வசனம். பிடில் என்ற கருவி தோன்றியதே அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் என்பதால், 1951-இல் வந்த ‘குவோ வாடிஸ்’ படத்தில் பீட்டர் உஸ்தினோவ் யாழ் போன்ற ஒரு கருவியை ஏந்தியிருந்தார். கருவியைத் திருத்திய உங்கள் முன்னோர், கதையைத் திருத்தவில்லை. 64-ஆம் ஆண்டு ஜூலையில் தீப்பிடித்தபோது நீரோ நகரில் இல்லை. கடற்கரை ஊரான ஆன்டியத்தில் இருந்தார். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்காக மார்ஸ் திடலையும் அக்ரிப்பாவின் கட்டடங்களையும் தம்முடைய சொந்தத் தோட்டங்களையும் திறந்துவிட்டார், ஒஸ்டியாவிலிருந்து பொருள்களை வரவழைத்தார், தானியத்தின் விலையைக் குறைத்தார் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். நகரின் 14 வட்டாரங்களில் மூன்று தரைமட்டமாயின, ஏழு பெரும் சேதமடைந்தன, நான்கு மட்டுமே தப்பின. தீக்குப் பிறகு தெருக்களை அகலப்படுத்தவும், கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தவும், குறிப்பிட்ட பகுதிகளை மரமின்றித் தீயைத் தாங்கும் கல்லால் கட்டவும் விதிகள் வந்தன. பாடிய கதையை டாசிட்டஸ் வதந்தி என்றே குறிக்கிறார். அதில் நீரோ பாடுவது தம் வீட்டு மேடையில். சூட்டோனியஸ் அவரை மெசனாஸின் கோபுரத்தில் ஏற்றுகிறார். டியோ அரண்மனைக் கூரையில் நிறுத்துகிறார். மூவரும் பாட்டை மட்டும் விடவில்லை.

நீரோவை நல்லவராக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. 59-இல் பெற்ற தாயைக் கொல்லச் செய்தவர் அவர். தீக்கான பழியைக் கிறித்தவர்கள்மீது போட்டு அவர்களைக் கொடூரமாகக் கொன்றதை எழுதியவரும், நிவாரணப் பணிகளை எழுதிய அதே டாசிட்டஸ்தான். மக்கள் வாழ்ந்து எரிந்துபோன இடத்தில் தமக்குப் பொன்மாளிகை எழுப்பிக்கொண்டவர் மீது மக்கள் ஐயப்பட்டது இயல்பு. ஆனால் அவர் 68-இல் இறந்த பிறகு நடந்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய கல்லறைக்கு மக்கள் பல ஆண்டுகள் வசந்த காலப் பூக்களையும் கோடைக் காலப் பூக்களையும் கொண்டுவந்து வைத்தார்கள் என்று, அவரைப் பழித்து எழுதிய சூட்டோனியஸே சொல்கிறார். நான்தான் நீரோ என்று சொல்லிக்கொண்டு கிழக்கு மாகாணங்களில் குறைந்தது மூன்று போலிகள் கிளம்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் கூட்டமும் திரண்டது. யாருமே விரும்பாத ஒருவரைப் போல வேடமிட்டு எவனும் ஊர் ஊராகப் போகமாட்டான். செனட்டர்கள் வெறுத்த ஒருவரை ஏன் கீழ்த்தட்டு மக்களும் கிரேக்க நாட்டவரும் விரும்பினார்கள் என்பதை எந்தத் தொடராவது முழுமையாக எடுத்துக்கொண்டால், அதை இரண்டு முறை பார்க்க நான் தயார். 2021-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நீரோவைப் பற்றி நடத்திய கண்காட்சி இந்தக் கேள்வியைத்தான் பொதுமக்கள் முன் வைத்தது. அங்கே வந்தவர்கள் யாரும் கதை சப்பென்று போய்விட்டதே என்று வருந்தியிருக்கமாட்டார்கள்.

உங்கள் படைப்புகளில் எனக்கு மிகவும் மனக்குறை தருவது, பலரும் கொண்டாடிய 2000-ஆம் ஆண்டின் ‘கிளாடியேட்டர்’. அந்தப் படத்தில் ஞானியான பேரரசர் மார்கஸ் அரேலியஸ், மகன் கொமோடஸை ஒதுக்கிவிட்டு, ஆட்சியை மீண்டும் செனட்டிடம் ஒப்படைக்கத் தளபதி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். அதை அறிந்த மகன் தந்தையை மார்போடு அணைத்து மூச்சடைக்கச் செய்து கொல்கிறான். நடந்தது இதற்கு நேர்மாறானது. மார்கஸ் 177-இலேயே கொமோடஸைத் தமக்கு இணையான பேரரசராக்கிவிட்டார். 180 மார்ச் 17 அன்று போர்முனையில் நோய்வாய்ப்பட்டு இறந்தபோது, மூன்று ஆண்டுகளாக இணைப் பேரரசராக இருந்த 18 வயது மகனிடம் ஆட்சி தடையின்றிப் போனது. பேரரசர்களுக்கு முன் இருந்த குடியரசை மீட்க அவர் எண்ணினார் என்பதற்குச் சிறு சான்றும் கிடையாது. உலகம் போற்றும் ‘தியானங்கள்’ நூலை எழுதிய கையே கொமோடஸை அரியணையில் ஏற்றியது. மார்கஸுக்கு முன் நான்கு பேரரசர்கள் தொடர்ந்து தத்தெடுத்தே வாரிசைத் தேர்ந்தார்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அவர்களில் எவருக்கும் உயிரோடிருந்த மகன் இல்லை என்பதைச் சொல்வதில்லை. மகன் இருந்த முதல் ஞானி, மகனைத்தான் தேர்ந்தார். அவரால் வேறு என்ன செய்திருக்க முடியும், மகனை ஒதுக்கியிருந்தால் உள்நாட்டுப் போர் மூண்டிருக்காதா, அந்த மகன் உயிரோடு விடப்பட்டிருப்பானா என்பவை எளிதில் விடை காண முடியாத கேள்விகள். அந்தத் தந்தையின் இரவுகளை எழுதியிருக்க வேண்டிய நீங்கள், ஒரு கொலையைப் புனைந்து அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டீர்கள்.

கொமோடஸும் அந்தப் படத்தில் காட்டியபடி வந்த வேகத்தில் போய்விடவில்லை. தந்தைக்குப் பின் 12 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். அவருடைய அக்காள் லூசில்லா அவருக்கெதிரான சதியில் சிக்கி, காப்ரித் தீவுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் இரண்டாம் படத்திலோ அவர் இன்னும் உயிரோடிருக்கிறார், போகட்டும். 192-இன் கடைசி நாளில் கொமோடஸ் செத்தது அரங்கத்து மணலில் அன்று. அவரோடு வாழ்ந்த மார்சியா, அறை நிர்வாகி எக்லெக்டஸ், பேரரசரின் காவற்படைத் தலைவர் லேட்டஸ் ஆகியோர் சேர்ந்து நஞ்சு வைத்து, அது பலிக்காமல் போனதும், அவருக்கு மற்போர்ப் பயிற்சி கொடுத்த நார்சிஸஸை அனுப்பிக் கழுத்தை நெரிக்கச் செய்தார்கள். அவருக்குப் பின் வந்த பெர்டினாக்ஸ் மூன்று மாதம்கூட நிறைவதற்குள் காவற்படையால் கொல்லப்பட்டார். அதே காவற்படை பேரரசர் பதவியை முகாமின் மதிற்சுவரில் நின்று ஏலம் விட, வீரருக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாகச் சொன்ன டிடியஸ் ஜூலியானஸ் அதை வாங்கினார். ஒரு கொடியவன் இறந்ததும் ரோம் விடுதலை பெற்றுவிட்டதாக முடிகிற உங்கள் படம், வரலாற்றில் இந்த ஏலக் கூச்சலில் போய் முடிந்திருக்க வேண்டும்.

இந்த ஆட்சியைப் பற்றி டியோ விட்டுச்சென்ற ஒரு காட்சியை நீங்கள் எடுக்காமல் விட்டது எனக்கு இன்றும் வியப்பு. அவர் அப்போது செனட்டர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். கொமோடஸ் அரங்கில் ஒரு நெருப்புக்கோழியைக் கொன்று, அதன் தலையை இடக்கையிலும் இரத்தம் சொட்டும் வாளை வலக்கையிலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு செனட்டர்கள் அமர்ந்திருந்த இடத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல் பல்லை இளித்துக்கொண்டு தலையை ஆட்டினாராம். உங்களுக்கும் இதே கதிதான் என்பது அதன் பொருள். அப்போது அச்சத்தைவிடச் சிரிப்புத்தான் மிகுந்து வந்தது என்றும், சிரித்தால் உயிர் போய்விடும் என்பதால் தம் தலைமாலையிலிருந்து லாரல் இலைகளைப் பறித்துத் தாமும் மென்று பக்கத்திலிருந்தவர்களையும் மெல்லச் சொன்னதாகவும் டியோ எழுதுகிறார். கொடுங்கோன்மையைப் பற்றி இதைவிட நுட்பமான காட்சியை எந்தத் திரைக்கதையாசிரியர் எழுதிவிடப் போகிறார்? ஆனால் இக்காட்சியில் மையம் பேரரசர் அல்லர்; இலையை மெல்லும் செனட்டர்கள். உங்கள் கேமராவோ அந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறது. திரும்பினாலும், செனட்டர்களை மக்களாட்சியின் காவலர்களாகக் காட்டுகிறீர்கள். பத்து லட்சம் செஸ்டர்ஸ் சொத்து இருந்தால்தான் செனட்டராக முடியும். 41-இல் கலிகுலா கொல்லப்பட்ட உடனே குடியரசை மீட்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்மையிலேயே வாய்த்தது. அவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் காவற்படையினர் கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸைக் கண்டுபிடித்து, ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸுக்கு உறுதி பெற்றுக்கொண்டு, பேரரசராக்கிவிட்டார்கள்.

பேரரசர் என்பவர் நாளெல்லாம் என்ன செய்தார் என்பதை உங்கள் தொடர்கள் அரிதாகவே காட்டுகின்றன. விருந்து, படுக்கை, அரங்கம், சதியாலோசனை ஆகிய நான்கு இடங்களில் அவருடைய வாழ்க்கை முடிந்துவிடுகிறது. உண்மையில் அவருடைய நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றவை மனுக்களும் தூதுக்குழுக்களும் வழக்குகளும் கடிதங்களும்தான். ஹேட்ரியன் பயணம் போய்க்கொண்டிருந்தபோது வழிமறித்து மனுக் கொடுக்க வந்த ஒரு பெண்ணிடம், எனக்கு நேரமில்லை என்று அவர் சொல்ல, அப்படியானால் பேரரசராக இருப்பதை விட்டுவிடுங்கள் என்று அவள் கத்தினாள். அவர் திரும்பி வந்து மனுவைக் கேட்டார் என்று டியோ சொல்கிறார். பழைய கிரேக்க மன்னர்களைப் பற்றியும் இதே கதை உண்டு. அதனால் இது நடந்ததா என்பதைவிட, பேரரசரிடம் மக்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதையே இது காட்டுகிறது.

பேரரசர் டிராஜனுக்கும் பிளினிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் நிகோமீடியா நகரத் தீ விபத்தைப் பற்றிய இரண்டு சிறு கடிதங்கள் இருக்கின்றன. வீடுகள் எரிந்தன, அணைக்க வாளிகூட இல்லை, மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள். 150 பேருக்கு மேற்படாத ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்கலாமா என்று ஆளுநர் பிளினி கேட்கிறார். கூடாது என்கிறார் டிராஜன். மனிதர்கள் ஒன்றுகூடினால் என்ன பெயர் வைத்தாலும் அது விரைவில் அரசியல் சங்கமாகிவிடும். கருவிகளை வாங்கி வைத்துவிட்டு, வீட்டுக்காரர்களையே அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பதில் எழுதுகிறார். இவர் கொடுங்கோலர் பட்டியலில் இல்லை. ரோமர்களே மிகச் சிறந்த பேரரசர் என்று பட்டம் கொடுத்தவர். கத்தலோ குருதியோ இல்லாத இந்தப் பதிலில், அந்தப் பதவியின் இயல்பு கலிகுலாவின் கூத்துகளைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஊர் எரிந்தாலும் நூற்றைம்பது பேர் சேர்ந்து நிற்கக் கூடாது.

கலிகுலாவையே எடுத்துக்கொண்டாலும், அவரை நேரில் கண்டு எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அலெக்சாந்திரியாவில் யூதர்கள்மீது நடந்த வன்முறைக்கு நீதி கேட்டு வந்த தூதுக்குழுவின் தலைவர், தத்துவவாதி ஃபைலோ. அவர்களைப் பேரரசர் ஒரு தோட்ட மாளிகையில் சந்திக்கிறார். சந்திப்பு என்று சொல்ல முடியாது. அவர் அறை அறையாகப் போய்க் கட்டட வேலையைப் பார்வையிட, உயிர்போகும் வழக்கோடு வந்தவர்கள் மாடியிலும் கீழும் அவர் பின்னாலேயே ஓடுகிறார்கள். சாளரங்களுக்குக் கண்ணாடி போன்ற கல்லைப் பொருத்தச் சொல்லிக்கொண்டே, நீங்கள் ஏன் பன்றி இறைச்சி தின்பதில்லை என்று திடீரென்று கேட்கிறார். எதிர்த் தரப்பினர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மனநோய் என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாத இந்த அலட்சியம், கத்தியால் வயிற்றைக் கிழிக்கும் காட்சியைவிட நடுங்க வைக்கிறது. 1976-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘ஐ, கிளாடியஸ்’ தொடரில் கலிகுலா தம் தங்கை துருசில்லாவின் கருவைக் கிழித்தெடுப்பதாகக் காட்டினார்கள். எந்தப் பழைய ஆசிரியரும் அப்படிச் சொல்லவில்லை. துருசில்லா 38-இல் நோயால் இறந்தார். ஜான் ஹர்ட்டின் நடிப்பை நான் மறக்கவில்லை. அதனால்தான் அந்தப் பொய்யும் மறக்க முடியாததாகிவிட்டது.

அதே தொடரில் முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா, குடும்பத்தில் ஒவ்வொருவராக நஞ்சு வைத்து, கடைசியில் மரத்திலிருக்கும் அத்திப்பழத்துக்கே நஞ்சு தடவிக் கணவரையும் கொல்கிறார். டியோ அதைச் சிலர் சொன்னதாகவே எழுதுகிறார். அகஸ்டஸ் இறந்தபோது அவருக்கு 76 வயது நிறைய ஒரு மாதம்தான் இருந்தது. அந்த வயதில் ஒருவர் இறக்க அத்திப்பழமும் மனைவியும் தேவையில்லை. அரண்மனைப் பெண்ணின் கையில் அதிகாரம் இருந்தால் அது நஞ்சாகத்தான் இருக்க முடியும் என்பது ரோமச் செனட்டர்களின் எண்ணம். அதை இன்னும் சுமந்துகொண்டிருக்க உங்களுக்கு என்ன கட்டாயம்?

முகங்களைப் பற்றியும் ஒரு சொல். காரகல்லாவும் கெட்டாவும் உங்கள் படத்தில் வெளிறிய முகத்தோடு, தாய் தந்தை இல்லாமல் வானத்திலிருந்து குதித்தவர்களைப் போல வருகிறார்கள். அவர்களுடைய தந்தை செப்டிமியஸ் செவரஸ் இன்றைய லிபியாவிலுள்ள லெப்டிஸ் மாக்னாவில் பிறந்தவர். தாய் யூலியா டோம்னா இன்று ஹோம்ஸ் எனப்படும் சிரியாவின் எமெசா நகரத்தவர். பெர்லினில் உள்ள வண்ண மரப்பலகை ஓவியம் ஒன்றில் இக்குடும்பம் நால்வராக நிற்கிறது. தந்தை மாநிறமாக, நரைத்த தாடியோடு இருக்கிறார். ஒரு பையனின் முகம் மட்டும் அழிக்கப்பட்டிருக்கிறது. 211 டிசம்பரில் தாயின் மடியிலேயே கொல்லப்பட்ட கெட்டாவின் முகமாகத்தான் அது இருக்க வேண்டும். பேரரசின் ஊர்தோறும் கெட்டாவின் பெயரையும் உருவத்தையும் சுரண்டி எடுக்கும்படி அண்ணனின் ஆணை போயிருந்தது. பேரரசர்களின் முகம் எங்கள் மண்ணுக்கும் வந்ததுண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அந்த முகத்தின் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. இங்கே வெட்டியதற்குப் பெரும்பாலும் வாணிகக் காரணம்தான் இருந்திருக்கும்.

செவரஸ் இறக்கும்போது மகன்களிடம், ஒற்றுமையாக இருங்கள், படைவீரர்களைச் செல்வர்களாக்குங்கள், மற்ற எவரையும் பொருட்படுத்தாதீர்கள் என்று சொன்னதாக டியோ எழுதுகிறார். காரகல்லா முதல் அறிவுரையை ஓராண்டுக்குள் மீறி, இரண்டாவதை இறுதிவரை கடைப்பிடித்தார். 212-இல் பேரரசிலிருந்த ஏறத்தாழ எல்லாச் சுதந்திர மக்களுக்கும் ரோமக் குடியுரிமை வழங்கியவர் அவர்தான். வரி வருவாயைப் பெருக்கத்தான் செய்தார் என்பது டியோவின் குற்றச்சாட்டு. 216 மே மாதத்தில் அந்தியோக்கியாவில் அவர் நடத்திய ஒரு வழக்கு விசாரணை, சிரியாவின் துமைர் என்ற ஊரில் கோயில் சுவரில் கல்வெட்டாக நிற்கிறது. ஒரு கிராமத்துக் கோயிலின் பூசகர் பதவியைப் பற்றிய வழக்கு. இந்த மேல்முறையீட்டைக் கேட்பதே முறையா என்று வழக்கறிஞர்கள் பேரரசர் முன்னிலையில் வாதாடுகிறார்கள். தம்பியைக் கொன்றவர், அலெக்சாந்திரியாவில் மக்களைக் கொன்று குவித்து ஓராண்டுகூட ஆகியிராதவர், கிராமத்தார் தொடுத்த வழக்கின் நடைமுறை நுணுக்கங்களை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். குரங்கைக் கான்சலாக்கும் கோமாளியை எவராலும் எழுதிவிட முடியும். இந்த மனிதரை எழுதத்தான் உங்களைப் போன்ற தேர்ந்தவர்கள் வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். உங்கள் அடுத்த தொடரின் முதற்காட்சியை அரங்கத்தில் வைக்காமல், அதே அந்தியோக்கியாவின் அரண்மனை அலுவலறையில் வையுங்கள். காரகல்லா போர்களில் ஈடுபட்டிருந்தபோது, வந்து குவியும் மனுக்களையும் இலத்தீன், கிரேக்கம் ஆகிய இரு மொழிக் கடிதங்களையும், மிக முக்கியமானவை நீங்கலாக, கவனிக்கும் பொறுப்பைத் தாய் யூலியா டோம்னாவிடம் ஒப்படைத்திருந்தார். இளைய மகனைத் தன் மடியிலேயே மூத்தவனுக்குப் பறிகொடுத்து, அதற்காக அழக்கூட விடப்படாத பெண், அந்த மூத்தவனின் பேரரசை நாள்தோறும் கடிதம் கடிதமாக நடத்திக்கொண்டிருந்தார். 217 ஏப்ரலில் காரகல்லா கார்ரே அருகே கொல்லப்பட்டதும், செனட்டராகவே இல்லாதிருந்த வழக்கறிஞர் மக்ரைனஸ் பேரரசரானதும், அச்செய்தி அந்தியோக்கியாவை எட்டியதும், டோம்னா உணவை மறுத்து உயிர் விட்டதும் டியோவிடம் விரிவாகவே இருக்கின்றன. பத்துப் பகுதிகளுக்குப் போதுமான கதை அது. அதில் டியோவையும் ஒரு பாத்திரமாக்குங்கள். எழுதுகிறவர் யார், எதை அஞ்சி எழுதினார், எதை மறைக்க எழுதினார் என்பதையும் நாங்கள் பார்க்க வேண்டும். தமிழ்க் குரல் கொடுக்கும்போது வசனத்தை மட்டும் கொஞ்சம் நல்ல தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களை விடாமல் பார்த்துவரும் ஒரு தமிழ்ப் பார்வையாளர்